கறிவேப்பிலைத் தனிமம்

தனிமங்களின் கதை – 34

சென்ற வாரத்தோடு ஆர்செனிக்கின் கதை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஒரு வரி பாக்கி இருக்கிறது. அணு எண் 33க்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் செலினியத்தை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்கள், அதை ஆர்செனிக் என்று எண்ணித்தான் ஒதுக்கினார்கள்.

சுவீடனில் கிரிப்ஸ்ஹோம் என்ற இடத்தில் ஒரு கந்தக அமில ஆலை இருந்தது. கந்தகப் புகையை ஈயத்தகடு வேய்ந்த பெரிய அறைகளுக்குள் விட்டு அமிலமாக்குவார்கள். அந்தக் கந்தகம் ஃபாலூன் சுரங்கத்துப் பைரைட் கனிமத்திலிருந்து வந்ததென்றால் மட்டும் அறையின் அடியில் செந்நிறச் சேறு படிந்தது. ஆர்செனிக் கலந்திருக்கிறது என்று பயந்து, ஆலைக்காரர்கள் ஃபாலூன் சரக்கையே நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த ஆலையில் பங்குதாரர்களாக இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். இன்னொருவர் யோஹான் காட்லீப் கான். 25ஆம் அத்தியாயத்தில் மாங்கனீசைப் பிரித்தெடுத்தவராக வந்தாரே, அவரேதான். 1817இல் அவருக்கு 72 வயது. இருவரும் அந்தச் சேற்றை எடுத்துச் சோதித்தார்கள்.

தீயில் காட்டியதும் ஒரு நெடி எழுந்தது. ஐரோப்பியர்கள் குதிரை முள்ளங்கி என்று ஒரு கிழங்கைத் துருவிச் சாப்பிடுவார்கள். அது அழுகினால் வரும் நெடி. நமக்குப் புரியும்படி சொன்னால், முருங்கை வேரை நசுக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வகைக் காரம். (சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர்கள் குதிரை முள்ளங்கி கிடைக்காமல் முருங்கை வேரைத்தான் துருவிக்கொண்டார்கள்.) அந்த நெடி டெல்லூரியத்துக்கு உரியது என்று அன்றைய வேதியியலாளர்கள் நம்பினார்கள். பெர்சீலியஸும் டெல்லூரியம் கிடைத்துவிட்டதாக லண்டன் நண்பர் மார்சேவுக்குக் கடிதம் எழுதினார். மறுபடி சோதித்தபோது டெல்லூரியம் ஒரு துளிகூட இல்லை. 1818இல் அவரே தம் கடிதத்தைத் திருத்திக்கொண்டார். இது புதிய தனிமம். டெல்லூரியத்துக்கு உடன்பிறப்பு போன்றது. மூத்ததற்குப் பூமியின் பெயர் வைத்திருந்ததால், இளையதற்கு நிலவின் பெயர். கிரேக்கத்தில் நிலவுத் தெய்வம் செலீனி.

பெயரில் நிலவு, குணத்திலோ நாற்றம். ஹைட்ரஜனோடு செலினியம் சேர்ந்த வாயு எப்படி மணக்கிறது என்று அறிய, பட்டாணி அளவுக் குமிழி ஒன்றைத் தம் மூக்குக்குள் விட்டுப் பார்த்தார் பெர்சீலியஸ். அதன்பின் பல மணி நேரத்துக்கு அவருக்கு வாசனையே தெரியவில்லை. காட்டமான அம்மோனியாவை மூக்கருகே வைத்தும் உறைக்கவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த வாயு கொடிய நஞ்சு. யாரும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

செலினியத்தின் மற்றப் புகழ்களை இந்த வாரம் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். 1873இல், கடலடித் தந்திக் கம்பியைச் சோதிக்கும் வேலையில், வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்கடத்தும் திறன் கூடுவதை வில்லோபி ஸ்மித் அறிவித்தார். பின்னாளில் நகலெடுக்கும் இயந்திரத்தின் உருளைக்குள் அது போய் உட்கார்ந்தது அந்தக் குணத்தால்தான். 1930களில் அமெரிக்க மேற்குப் புல்வெளிகளில் மாடுகளின் குளம்பும் மயிரும் உதிர்வதற்கு, புல்லில் ஏறிய செலினியம் காரணம் என்று தெரிந்தது. 1957இல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பவர், மிகச் சிறு அளவில் அது உடலுக்குத் தேவை என்றும் காட்டினார்.

நாம் போகப்போவது இன்னொரு வாசல். செலினியத்தைக் கார்பனோடு பிணைத்தால் என்ன ஆகும்?

நாற்றத்துக்குப் பயந்த நூற்றாண்டு

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பெர்சீலியஸின் மாணவர் ஃபிரெட்ரிக் வோலர். யூரியாவைச் செயற்கையாகச் செய்து காட்டியவர். 1847இல் அவரும் சீமென்ஸ் என்ற உதவியாளரும் எத்தில் செலினாலைத் தயாரித்தார்கள். சாராயத்தில் இருக்கும் எத்தனாலில் ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செலினியத்தை வைத்தால் எத்தில் செலினால். ஆக்சிஜன், கந்தகம், செலினியம், டெல்லூரியம் நான்கும் அட்டவணையில் ஒரே நெடுவரிசை, ஒரே குடும்பம். ஆகவே ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம். நாற்றம் மட்டும் கீழே இறங்க இறங்க ஏறிக்கொண்டே போகும்.

அது ஆராய்ச்சியாளரை வீடுவரை விரட்டும் நாற்றம். கையில், தலைமுடியில், சட்டையில் ஏறினால் எளிதில் இறங்காது. செலினியம் உடலுக்குள் போய்விட்டாலோ உடல் அதை டைமெத்தில் செலினைடாக மாற்றி மூச்சு வழியே வெளியேற்றும். பூண்டு தின்னாதவர் வாயில் பூண்டு மணக்கும். இப்படிப்பட்ட சரக்கில் யார் கை வைப்பார்கள்? எண்பத்தைந்து ஆண்டுகளுக்குக் கரிமச் செலினியம் வேதியியலின் ஒதுக்குப்புறமாகவே கிடந்தது.

1932இல் லண்டனில் ஹாரி லிஸ்டர் ரைலியும் அவருடைய கூட்டாளிகளும் செலினியம் டையாக்சைடு என்ற வெள்ளைத் தூளை அசிட்டால்டிஹைடு, கீட்டோன்கள் முதலியவற்றோடு வினைபுரியவிட்டார்கள். கீட்டோனில் ஆக்சிஜன் ஏந்திய கார்பனுக்குப் பக்கத்துக் கார்பனிலும் ஓர் ஆக்சிஜன் ஏறியது. புதிய ஆக்சிஜனேற்றி என்று அறிவித்தார்கள். வினை முடிந்த குடுவையின் அடியில் செலினியம் செந்நிறமாகவோ கருநிறமாகவோ படிந்து கிடக்கும். கிரிப்ஸ்ஹோமில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட அதே சேறு, இப்போது வேலை முடிந்ததற்கு அடையாளம்.

இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகளிலும் இந்தத் தூள் வேலை செய்தது. இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் துல்லியமாக ஓர் ஆல்கஹாலை வைத்தது. ஏன் அங்கே மட்டும்? நாற்பது ஆண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதில் ஒரு முடிவு வரவில்லை.

மீன்பிடிக்கப் போன பையன்

பாரி ஷார்ப்லெஸ் சிறு வயதில் நியூ ஜெர்சிக் கடலோரத்தில் மீன்பிடித்துத் திரிந்தவர். பின்னாளில் இரண்டு முறை நோபல் பரிசு வாங்கப்போகும் அவர், 1970இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இளம் ஆசிரியராகச் சேர்ந்தார். 1972இல் அவரும் மாணவர் லாயரும் செலினியம் டையாக்சைட்டின் நடமாட்டத்தைப் படிப்படியாகக் காட்டினார்கள்.

செலினியம் நேராக வந்து ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. முதலில் இரட்டைப் பிணைப்பின் ஒரு முனையைப் பிடிக்கிறது. அதனால் இரட்டைப் பிணைப்பு ஒரு வீடு தள்ளிப் போகிறது. அடுத்து, தான் சுமக்கும் ஆக்சிஜனை அந்தப் பக்கத்துக் கார்பனின் மேல் சாய்த்துவிட்டு, கார்பனோடு உள்ள தன் பிடியைத் தளர்த்துகிறது. இரட்டைப் பிணைப்பு பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. கடைசியில் பார்த்தால் எதுவுமே நகராதது போலவும், ஓர் ஆல்கஹால் மட்டும் முளைத்தது போலவும் தெரியும். நடுவில் செலினியம் கார்பனைப் பிடித்ததும் விட்டதும் கண்ணுக்குப் படாது.

ஷார்ப்லெஸுக்கு இங்கேதான் பொறி தட்டியது. உண்மையில் வேலை செய்வது கார்பனோடு பிணைந்த செலினியம் என்றால், அது தானாக உருவாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கார்பனும் செலினியமும் ஏற்கெனவே பிணைந்த ஒரு சேர்மத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாமே?

1973இல் அதைச் செய்தார்கள். எபாக்சைடு என்பது இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம். அதை அல்லைல் ஆல்கஹாலாக மாற்ற அதுவரை மிகக் கடுமையான காரங்கள் வேண்டியிருந்தன. இவர்கள் பென்சீன் வளையம் தாங்கிய செலினியத்தால் அந்த முக்கோணத்தைத் திறந்தார்கள். பிறகு கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார்கள். அறை வெப்பநிலையிலேயே செலினியம் கழன்றுகொண்டது. அல்லைல் ஆல்கஹால் மிஞ்சியது. கரிமச் செலினியத்தில் முதல் வினைப்பொருள் இதுதான் என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார்கள். எட்டு தசாப்தம் ஒதுக்கப்பட்ட சரக்குக்கு அது கிரகப்பிரவேசம்.

ஷெஃபீல்டில் விழுந்த விதை

ஆனால் செலினியம் கழன்று விழுவதை முதலில் பார்த்தவர் ஷார்ப்லெஸ் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் நெவில் ஜோன்ஸ் என்பவர் ஸ்டீராய்டுகளில் கந்தகத்தைப் பொருத்தி ஆராய்ந்துவந்தார். கந்தகத்தின் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றினால் அது சல்ஃபாக்சைடு. அதைச் சூடாக்கினால் கந்தகம் பக்கத்து ஹைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்பு முளைக்கும். கந்தகம் செய்வதை அதன் தம்பி எப்படிச் செய்கிறது என்று பார்க்க, 1970இல் ஜோன்ஸும் மண்டி, வைட்ஹவுஸ் என்ற இருவரும் செலினியத்தைப் பொருத்தினார்கள், ஓசோனால் ஆக்சிஜனேற்றினார்கள். சூடே தேவைப்படவில்லை. செலினாக்சைடு குளிரிலேயே உடைந்து, இரட்டைப் பிணைப்பை விட்டுப் போனது.

அது சின்னக் குறிப்பாக அச்சேறியது. ஸ்டீராய்டு ஆட்களுக்கான நுணுக்கம் என்று மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரே ஆண்டில், மூன்று வெவ்வேறு ஊர்களில் அந்த விதை முளைத்தது. எம்ஐடியில் ஷார்ப்லெஸ், லாயர், தெரானிஷி. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஹான்ஸ் ரைக், அவர் மனைவி ஈவா ரைக், மாணவர் ரெங்கா. கனடாவின் எட்மன்டனில் டெரிக் கிளைவ். மூவர் கட்டுரைகளும் 1973இல் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. வில்லோபி ஸ்மித் செலினியத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சி அப்போது சரியாக நூறு ஆண்டு.

நாலு கைக் கணக்கு

மூவரும் செய்தது என்ன? கார்பனுக்கு நாலு கை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்பன்கள் ஆளுக்கு ஒரு கையைக் கோத்திருந்தால் ஒற்றைப் பிணைப்பு. ஆளுக்கு இரண்டு கையைக் கோத்தால் இரட்டைப் பிணைப்பு. ஆனால் இரண்டாவது கையைக் கோக்க வேண்டுமானால், அந்தக் கையில் பிடித்திருப்பதை இருவரும் கீழே போட வேண்டும். பெரும்பாலும் பிடித்திருப்பது ஹைட்ரஜன். அதைக் கார்பன் சுலபத்தில் விடாது. கொதிக்கவைத்தும் கடும் அமிலம் ஊற்றியும் விடவைக்கலாம்தான். மூலக்கூறின் மற்ற மூலைகளில் இருக்கும் நுட்பமான வளையங்களும் கிளைகளும் அதில் வெந்துபோகும்.

இங்கேதான் நம் நாயகன் வருகிறார்: பீனைல்செலினைல் குளோரைடு. ஒரு பென்சீன் வளையம், ஒரு செலினியம், ஒரு குளோரின். அவ்வளவுதான். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த படிகம். இதன் தாய்ச் சரக்கு டைபீனைல் டைசெலினைடு என்ற மஞ்சள் படிகம். இரண்டு பென்சீன் வளையங்களுக்கு நடுவே இரண்டு செலினியம் முதுகொட்டி நிற்கும். புரோமோபென்சீனை மக்னீசியத்தோடு சேர்த்து, செலினியத் தூளைத் தூவி, கடைசியில் காற்றுப் படவிட்டால் அது கிடைக்கும். அதைக் குளோரினால் பிளந்தால் எலக்ட்ரான் தேடும் செலினியம், அதாவது நம் குளோரைடு. அதே மஞ்சள் படிகத்தைச் சாராயத்தில் கரைத்துச் சோடியம் போரோஹைடிரைடு போட்டால் மஞ்சள் நிறம் மெல்ல வெளுக்கும். முழுக்க வெளுத்ததும் எலக்ட்ரானைக் கொடுக்கும் செலினியம் தயார். ஒரே சரக்கிலிருந்து வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் பிறக்கிறார்கள். எபாக்சைடைத் திறந்தது இந்த இரண்டாமவர். கீட்டோனுக்கு வேண்டியவர் முதலாமவர்.

ரைக் குழு கீட்டோனை உலர்பனியின் குளிரில், மைனஸ் 78 டிகிரியில், வலிய காரத்தால் தூண்டி, பக்கத்துக் கார்பனில் இந்தச் செலினியத்தை உட்காரவைத்தது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்துக்கடைத் திரவத்தின் செறிவான வடிவம். அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் செலினியத்தின் மேல் ஏறும். அந்த ஆக்சிஜன் அப்படியே வளைந்து, அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜனைத் தொடும். செலினியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன், இரண்டு கார்பன் என ஐந்து பேர் ஒரு கணம் வட்டமாக நிற்பார்கள். மறுகணம் செலினியமும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒன்றாக வெளியேறும். கை காலியான இரண்டு கார்பன்களும் இரண்டாவது கையைக் கோத்துக்கொள்ளும். இத்தனையும் அறை வெப்பத்துக்குள், சில சமயம் பனிக்கட்டிக் குளிரிலேயே முடிந்துவிடும். கந்தகமாக இருந்தால் இதே வேலைக்கு நூறு டிகிரியைத் தாண்ட வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. கார்பனைக் கந்தகம் பிடிக்கும் அளவுக்குச் செலினியம் இறுக்கிப் பிடிப்பதில்லை. அணு பெரிது, பிணைப்பு நீளம், பிடி தளர்வு. நிரந்தரமாகத் தங்க வேண்டிய தனிமத்துக்கு அது குறை. போக வேண்டிய நேரத்தில் போகவேண்டிய தனிமத்துக்கு அதுவே தகுதி.

"என்னைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்திவிட்டார்கள்" என்று நம் ஊரில் மனம் கசந்து சொல்வார்கள். தொகுப்பு வேதியியலில் அது பாராட்டு. தாளிப்பில் முதலில் வெடித்து, மணத்தைக் குழம்பில் இறக்கிவிட்டு, இலை ஓரத்தில் ஒதுங்குவதுதானே கறிவேப்பிலையின் வேலை? செலினியமும் இரட்டைப் பிணைப்பை மூலக்கூறில் இறக்கிவிட்டு ஓரத்தில் ஒதுங்கிவிடும். முடிந்த பொருளின் வாய்பாட்டை எத்தனை முறை படித்தாலும் அதில் அதன் பெயர் இருக்காது. இரும்பு, கார்பன் என்று இதுவரை இந்தத் தொடரில் நாம் பார்த்தவற்றுக்கெல்லாம் இருப்பதால் புகழ். இதற்கு விலகுவதால் புகழ்.

விலகும்போதும் அதைச் சும்மா விடக்கூடாது. வெளியேறிய செலினெனிக அமிலம், புதிதாய்ப் பிறந்த இரட்டைப் பிணைப்பிலேயே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கக் குடுவையில் பிரிடீன் போன்ற காரத்தைச் சேர்ப்பார்கள். வாசல்வரை போன விருந்தாளி மறுபடி திண்ணையில் உட்காராமல் பார்த்துக்கொள்வது மாதிரி.

கிரீகோவின் குறுக்குவழி

கீட்டோனுக்குப் பக்கத்தில் மட்டும்தானா இந்த வித்தை? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பால் கிரீகோ இல்லை என்றார். அவர் மனம் தாவரங்களில் கிடைக்கும் சில லாக்டோன்களின் மேல் இருந்தது. எத்தியோப்பியச் செடி ஒன்றிலிருந்து 1960களில் மாரிஸ் குப்சன் குழு பிரித்தெடுத்த வெர்னோலெபின் அவற்றுள் ஒன்று. அது கட்டிகளின் வளர்ச்சியைத் தடுப்பது கண்டறியப்பட்டிருந்தது. இந்த லாக்டோன்களின் வீரியம், வளையத்தின் ஓரத்தில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் கந்தக முனைகளை அது பிடித்துக்கொள்கிறது. அந்தக் கொம்பைச் சேதமில்லாமல் முளைக்கவைப்பதுதான் பாடு. 1974இல் கிரீகோவும் மியாஷிதாவும் செலினியத்தை வளையத்தில் உட்காரவைத்து, பெராக்சைடால் விலக்கி, அந்தக் கொம்பை முளைக்கவைக்கும் பொது வழியைக் காட்டினார்கள்.

1975இல் ஷார்ப்லெஸும் யங்கும் இன்னொரு நுணுக்கத்தைச் சொன்னார்கள். பென்சீன் வளையத்தில் நைட்ரோ போன்ற எலக்ட்ரான் இழுக்கும் கூட்டம் இருந்தால் செலினியம் இன்னும் வேகமாக விலகும். 1976இல் கிரீகோ, கில்மன், நிஷிசாவா மூவரும் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு குறுக்குவழி போட்டார்கள். சாதாரண ஆல்கஹாலை எடுத்து, நைட்ரோ ஏறிய பீனைல் செலினோசயனேட்டையும் டிரைபியூட்டில்ஃபாஸ்பீனையும் சேர்த்தால், ஆல்கஹாலின் ஆக்சிஜன் போய் அந்த இடத்தில் செலினியம் உட்காரும். பெராக்சைடு ஊற்றினால் செலினியமும் போய், சங்கிலி முனையில் இரட்டைப் பிணைப்பு மிஞ்சும். நீரை நீக்கும் வேலைதான். ஆனால் கந்தக அமிலத்தில் கொதிக்கவைக்காமல், இரட்டைப் பிணைப்பு இடம் மாறி ஓடாமல், நினைத்த முனையிலேயே நிற்கிறது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் இதைக் 'கிரீகோ நீக்கம்' என்றே சொல்கிறார்கள். வெர்னோலெபினின் முழுத் தொகுப்பையும் கிரீகோ குழு 1976இலேயே வெளியிட்டது.

அதன்பின் செலினியம் பல வேடம் கட்டியது. லண்டனில் டெரிக் பார்ட்டன் பென்சீன்செலினினிக் அன்ஹைடிரைடை எடுத்து ஸ்டீராய்டு கீட்டோன்களில் இரட்டைப் பிணைப்பு வைத்தார். கே. சி. நிக்கலாவு, டெரிக் கிளைவ் இருவர் குழுக்களும் 1977இல் தனித்தனியே, செலினியத்தைக் கொண்டு திறந்த சங்கிலியை வளைத்து லாக்டோன் வளையமாக்கினார்கள். அதே ஆண்டில் ஷார்ப்லெஸ், ரைலியின் பழைய செலினியம் டையாக்சைடைச் சிட்டிகை அளவு மட்டும் போட்டு, மீதி வேலையை டெர்ட்-பியூட்டில் ஹைட்ரோபெராக்சைடிடம் விட்டார். அப்படிக் கிடைக்கும் அல்லைல் ஆல்கஹால்கள்தான் 1980இல் அவர் அறிவித்த இடவல எபாக்சைடாக்கத்துக்கு மூலப்பொருள். அந்த வழியில் போய்த்தான் 2001இல் நோபல் கிடைத்தது. 2022இல் கிடைத்த இரண்டாவது நோபல் வேறு கதை.

ஒரே ஊர், இரண்டு குடுவை

மேடிசனுக்குத் திரும்புவோம். 1973 ஆகஸ்டில் ரைக் தம்பதியின் கட்டுரை வந்தது என்றேன். அதே ஆண்டு பிப்ரவரியில், அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இன்னொரு கட்டடத்திலிருந்து வேறொரு கட்டுரை வந்திருந்தது. ரோட்ரக், ஹூக்ஸ்ட்ரா முதலியோர் எழுதியது. சிவப்பணுக்களில் உள்ள குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் உறுப்பாகச் செலினியம் இருக்கிறது என்று அதில் காட்டியிருந்தார்கள். ஜெர்மனியில் ஃப்ளோஹே குழுவும் அதே ஆண்டில் இதை உறுதிசெய்தது. 1957இல் ஷ்வார்ஸ் 'தேவை' என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் இப்போது கிடைத்தது.

அந்த நொதியின் வேலை என்ன தெரியுமா? நம் உடலில் சுரந்துகொண்டே இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒழிப்பது. ஒரு கட்டடத்தில் வேதியியலாளர்கள் செலினியத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கட்டடத்தில், இரத்த அணுவுக்குள் இருக்கும் செலினியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதே பெராக்சைடை எதிர்கொண்டிருப்பது தெரிந்தது. முதல் படியில் இரண்டு இடத்திலும் பெராக்சைடின் ஆக்சிஜன் செலினியத்துக்கே வந்து சேர்கிறது. குடுவையில் கடைசியாக வெளியேறுவதும், நொதியில் நடுவழியில் உருவாவதும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஏறிய செலினியமாகிய ஒரே வகைச் செலினெனிக அமிலம்தான்.

வித்தியாசம் அதற்கு அடுத்த படியில். குடுவையில் செலினியம் மூலக்கூறை விட்டு ஓடிவிடுகிறது. நொதியிலோ குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறுகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த ஆக்சிஜனை நீராக்கிக் கழற்றிவிட்டு, செலினியத்தைப் பழையபடி நிறுத்துகின்றன. அடுத்த பெராக்சைடு, அடுத்த சுற்று. ஆய்வுக்கூடத்தில் ஒருமுறைக் கறிவேப்பிலையாக இருப்பது, செல்லுக்குள் தினமும் அடுப்பேறும் சட்டியாக இருக்கிறது. எலக்ட்ரானைச் சட்டென வாங்கிச் சட்டெனக் கொடுக்கும் அந்தத் தளர்ந்த சுபாவம் இரண்டு இடத்திலும் ஒன்றே. திருப்பி நிறுத்த ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் கதி மாறுகிறது.

இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஒரு தனித் துறையே வளர்ந்தது. 1924இலேயே தயாரிக்கப்பட்டுக் கிடந்த எப்செலென் என்ற கரிமச் செலினியச் சேர்மம் அந்த நொதியைப் போல நடிக்கிறது என்று 1984இல் தெரியவந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. முகேஷ் குழு, இப்படி நொதி வேடம் கட்டும் செலினியச் சேர்மங்களை நீண்டகாலமாக வடிவமைத்துவருகிறது. முகேஷ் எம்.எஸ்சி. படித்தது நம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில்.

மேடிசனில் இன்னொரு கணக்கும் உண்டு. வைட்டமின் டி நம் உடலில் வேலை செய்ய, அதன் முதல் கார்பனில் ஓர் ஆல்கஹால் ஏற வேண்டும். சிறுநீரகம் அதைச் செய்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். 1978இல் அங்கே ஹெக்டர் டிலூக்கா குழு, வைட்டமினின் வடிவத்தைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு, அதே இடத்தில் ஆல்கஹாலை ஏற்றிக் காட்டியது. ஏற்றிக்கொடுத்தது செலினியம் டையாக்சைடு. சிறுநீரகத்தின் வேலையை ரைலியின் வெள்ளைத் தூள் செய்தது.

ஓரத்தில் ஒதுக்கியதை எங்கே கொட்டுவது?

கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைத்தாயிற்று. ஓரத்தில் சேர்ந்த குவியல்? ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் ஒரு செலினியம் வெளியேறுகிறது. ஒரு கிராம் வேலையில் அது ஃப்யூம் ஹூட்டுக்குள் அடங்கும் நாற்றம். மருந்தாலையின் பெருங்கொப்பரையில் அதுவே நச்சுக் கழிவு. மருந்தில் துளி தங்கினாலும் ஆகாது. ஆய்வு மாணவர்கள் இன்றும் செலினியம் பட்ட குடுவைகளை வெளுப்புநீரில் ஊறப்போட்டு நாற்றத்தைக் கொன்ற பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள்.

நிக்கலாவு குழு 1998இல் ஒரு மாற்று கண்டது. செலினியத்தைப் பாலிஸ்டைரீன் மணிகளில் கட்டிப்போட்டார்கள். வேலை முடிந்து விலகும்போதும் அது மணியோடுதான் விலகும். வடிகட்டினால் போதும், நாற்றமும் இல்லை. அந்த மணிகளைக் கொண்டே 2000இல் பத்தாயிரம் பென்சோபைரான் சேர்மங்களின் தொகுதி ஒன்றைக் கட்டினார்கள்.

ஆனாலும் பெரிய கொப்பரைகளின் காற்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. பல்லேடியம் உலோகத்தைச் சிறிதளவு வைத்துக்கொண்டு, வெறும் ஆக்சிஜன் வாயுவால் கீட்டோனின் பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு வைக்கும் வழி 2011இல் வெளியானது. வெளியேறுவது நீர்தான். வெளியிட்டவர் ஷானன் ஸ்டால். இடம், மறுபடியும் மேடிசன். 1973இல் செலினியத்துக்கு வாசல் திறந்த ஊர்களில் ஒன்றே, முப்பத்தெட்டு ஆண்டு கழித்து அதற்கு விடைகொடுக்கும் வழியையும் காட்டியது.

இருந்தும் சிக்கலான இயற்கைப் பொருளைப் படிப்படியாகக் கட்டும் ஆய்வுக்கூடங்களில் அந்த ஆரஞ்சுப் படிகப் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபதாவது படியில், கையில் சில மில்லிகிராம் மட்டும் மிஞ்சி, சூடு ஆகாது, அமிலம் ஆகாது, இரட்டைப் பிணைப்பு இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது, நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்ன நேரத்தில் எழுந்து போகத் தெரிந்தவர்கள் தனிமங்களிலும் குறைவு.

நாற்றமுள்ள ஒன்றுக்கு நிலவின் பெயர் வைத்தார் பெர்சீலியஸ். அடுத்த வாரம் வரப்போகிறவருக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடைக்கவில்லை. 'நாற்றம்' என்பதையே கிரேக்கத்தில் பெயராக வைத்துவிட்டார்கள். மான்பெலியே நகரத்து உப்புநீரில் அதைக் கண்டெடுத்த இளைஞர் பலாரையும், கைக்கு வந்த புட்டியில் வேறு பெயர்ச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் பின்னால் வருந்திய லீபிக்கையும் அங்கே சந்திப்போம். 35: புரோமின்.

(தொடரும்)